இறக்கத்தில் நடுங்கும் பிரேக்: காரணம் அறிவோம், காலம் தாழ்த்தோம்



இருந்த இடத்தை விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்குக் காணி ஓரிடத்திலும் குடியிருப்பு வேறிடத்திலுமாக அமைந்துவிடுகிறது. இதனால் முன்னர் தலைச்சுமையாகப் போன கோவாவும் லீக்ஸும் கரட்டும் இன்று வாகனத்தில் போகின்றன. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய வானையோ பட்டா ரக லொறியையோ வாங்கி ஓட்டுவதை லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம பகுதிகளில் நாம் காண்கிறோம். காலையில் மரக்கறி ஏற்றும் அதே வாகனம் மாலையில் உரமும் விதைக்கிழங்கும் ஆட்களும் ஏற்றி இறக்கத்தில் வருகிறது.

அப்படி வரும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, அல்லது காலின் கீழே மிதி துடிக்கிறது. "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் பழகிவிடுகிறோம். இந்தப் பழக்கம் ஆபத்தானது. நடுக்கத்துக்குக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பொறுமையோடு தேடினால் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். எப்படித் தேடுவது என்பதே இந்தப் பாடம்.

மலைப்பாதை பிரேக்கிடம் கேட்கும் வேலை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீற்றரில் இருக்கிறது. ஆகவே நானுஓயா, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு வரும் வாகனம் சுமார் 650 மீற்றர் கீழே இறங்குகிறது. சுமையுடன் 1,500 கிலோ நிறையுள்ள ஒரு சிறிய லொறியை எடுத்துக்கொள்வோம். இந்த இறக்கம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்குமானால், அதில் பிறக்கும் வெப்பம் சுமார் 28 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. நான்கு சில்லுகளுக்குள் இருக்கும் சில கிலோ இரும்புதான் அவ்வளவு வெப்பத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சமவெளியில் குறை தெரியாத பிரேக் இங்கே நடுங்குவதற்கு இதுவே முதற் காரணம்.

2023 ஜனவரி 20ஆம் திகதி, எமக்கு அருகிலுள்ள நானுஓயா – ரதல்ல குறுக்கு வீதியில், பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா ஏற்றி வந்த பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியது. அந்த இரு சிறு வாகனங்களிலும் இருந்த ஏழு பேர் உயிரிழந்தனர். செங்குத்தான இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த ஒரு வாகனம், தன் வழியில் ஒழுங்காக வருபவரையும் சேர்த்தே அழிக்கிறது. எமது வாகனத்தின் பிரேக் எமது சொந்த விடயம் மட்டுமல்ல என்பதை அந்த நாள் எமக்குக் கற்பித்தது.

நடுக்கம் எவ்வாறு உண்டாகிறது?

முன் சில்லுகளில் பெரும்பாலும் டிஸ்க் பிரேக் இருக்கும். சில்லுடன் சுழலும் இரும்புத் தட்டே டிஸ்க். அதன் இரு பக்கமும் பேட் எனும் உராய்வுக் கட்டைகள் உள்ளன. மிதியை மிதிக்கும்போது கலிப்பர் எனும் பிடிப்பான் அவற்றை டிஸ்க் மீது அழுத்துகிறது. பின் சில்லுகளில் பெரும்பாலும் டிரம்மும் அதனுள் லைனரும் இருக்கும்.

டிஸ்க் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இருந்தால் அழுத்தமும் ஒரே சீராக இருக்கும். ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெலிவாகவும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிடி இறுகித் தளரும். அதுதான் நடுக்கம். ஒரு மில்லிமீற்றரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசமே ஸ்டியரிங்கை நடுங்க வைக்கப் போதும். அது தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. ஆகவே கண்ணால் பார்த்து "டிஸ்க் நன்றாக இருக்கிறது" என்று யாராலும் சொல்ல முடியாது. அளவுக் கருவி வைத்தே பார்க்க வேண்டும்.

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்று கராஜில் சொல்வார்கள். உண்மையில் வளைவது அபூர்வம். கீழ்க்காணும் மூன்றில் ஒன்றே வழக்கமாக நடக்கிறது.

முதலாவது, டிஸ்க் சரிந்து பூட்டப்படுவது. டிஸ்க் உட்காரும் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால், அல்லது சில்லு நட்டுகளை ஏற்றத்தாழ்வாக இறுக்கினால், டிஸ்க் சற்றுச் சரிந்து சுழலும். தண்டில் நேராகப் பூட்டாத சாணைக்கல்லை நினைத்துப் பாருங்கள். பிரேக் மிதிக்காத வேளையிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேட்டில் உரசிக்கொண்டே போகும். சில வாரங்களில் அந்த இடம் மெலிந்துவிடும். டயர் மாற்றிய அன்று இல்லாத நடுக்கம் பிறகு வருவதன் இரகசியம் இதுவே.

இரண்டாவது, பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்வது. நீண்ட இறக்கத்தில் கொதித்த பிரேக்கை, வாகனம் நின்ற பிறகும் அழுத்தியபடி வைத்திருந்தால் அந்த இடத்தில் படிவு உண்டாகும். அது ஒரு மேடு போல் வேலை செய்யும்.

மூன்றாவது, கலிப்பரின் பின்கள் சேறும் துருவும் பிடித்து இறுகிவிடுவது. மிதியை விட்டாலும் பேட் முழுமையாக விலகாது. அந்தச் சில்லு மட்டும் எப்போதும் சூடாகும்.

காரணத்தைத் தேடும் ஒழுங்கு

புறப்படும் முன் சாய்வில்லாத இடத்தில் நிறுத்தி டயர், நட்டுகள், பிரேக் ஒயில் மட்டம், ஒயில் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். ஒயில் கசிந்தாலோ, மிதி தளர்ந்து ஆழமாகப் போனாலோ வாகனத்தை எடுக்க வேண்டாம். சோதனை ஓட்டத்தை அனுபவமுள்ள சாரதியே, சுமையும் ஆட்களும் இல்லாமல், சன நடமாட்டமற்ற சமதரை வீதியில் செய்ய வேண்டும். இறக்கத்தில் சோதனை செய்யக் கூடாது.

1. பிரேக் மிதிக்காமலே குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கினால் டயர், ரிம், சில்லுச் சமநிலை ஆகியவற்றைப் பாருங்கள். குறை பிரேக்கில் இல்லாதிருக்கலாம்.

2. மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து மெதுவாகப் பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் முன் பிரேக்கைச் சந்தேகியுங்கள். ஆசனமும் தரையும் நடுங்கி, ஸ்டியரிங் அமைதியாக இருந்தால் பின் பிரேக்கைச் சந்தேகியுங்கள்.

3. வேகம் குறையக் குறைய நடுக்கமும் மெதுவாகிறதா என்று கவனியுங்கள். ஆம் எனில் அது சில்லுடன் சுழலும் ஒரு பாகத்திலிருந்து வருகிறது.

4. கை பிரேக் பின் சில்லுகளைப் பிடிக்கும் வாகனமானால், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அதன் பொத்தானை அழுத்தியபடி மெதுவாக இழுங்கள். அப்போது அதே நடுக்கம் வந்தால் பின் டிரம் வட்டம் தவறியிருக்கலாம்.

5. சோதனைக்குப் பின் நிறுத்தி, சில்லுகளின் அருகே கையைக் கொண்டு சென்று வெப்பத்தை ஒப்பிடுங்கள். தொடக் கூடாது. ஒரு சில்லு மட்டும் அதிகம் சுட்டால் அந்தக் கலிப்பர் அல்லது லைனர் இறுகியிருக்கிறது.

6. கராஜில் சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயாரிங்கிலும் ஸ்டியரிங் மூட்டுகளிலும் தளர்வு இருந்தால், சிறிய பிரேக் நடுக்கத்தையும் அவை பெரிதாக்கும்.

புதிய வாகனங்களில் சில்லு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு உண்டு. திடீரெனப் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது அதில் மிதி துடிப்பது இயல்பு. அப்போது காலை எடுக்கக் கூடாது. சாதாரணமாகப் பிடிக்கும்போதும் துடித்தால் மட்டுமே அது குறை.

லேத்தில் பிடித்தால் மட்டும் போதுமா?

எமக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குழுவின் வானில் இந்த நடுக்கம் வந்தது. டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் பிடித்து மட்டமாக்கினார்கள். பணம் செலவானது, நடுக்கமும் நின்றது. ஒரு மாதத்தில் அது திரும்பி வந்தது. மீண்டும் லேத், மீண்டும் செலவு. மூன்றாம் முறை வேறொரு மெக்கானிக் டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் முகத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே துரு தடித்துப் போயிருந்தது. கலிப்பர் பின் ஒன்றும் அசையவில்லை. கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, பின்னைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிறீஸ் பூசி, டிஸ்க்கை மாற்றிப் பூட்டினார். அத்துடன் தொல்லை தீர்ந்தது. நோயை விட்டு நோவுக்கு மட்டும் மருந்து போட்டதே முதல் இரண்டு தடவையும் நடந்த தவறு.

லேத்தில் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் மெலிகிறது. எவ்வளவு வரை மெலியலாம் என்ற அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். நட்டுகளை எதிர் எதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சாவியின் மேல் ஏறி நின்று மிதிப்பது பலமல்ல, சேதம்.

நடுக்கத்தை விடப் பெரிய எச்சரிக்கை

மிதி இறுக்கமாகவே இருந்தும் வாகனம் நிற்க மறுத்தால், பேட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. மிதி பஞ்சு போல் உள்ளே போனால், பிரேக் ஒயில் கொதித்து ஆவியாகியிருக்கக் கூடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கலாம். மழையும் பனிமூட்டமும் நிறைந்த எமது பகுதியில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது அதை முழுமையாக மாற்றுவது நன்று. வாகனத்துக்குச் சொல்லப்பட்ட வகையையே ஊற்ற வேண்டும். வேறு எந்த எண்ணெயையும் கலக்கக் கூடாது.

இந்த இரண்டில் எது தோன்றினாலும் உடனே கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கை பிரேக்கை மெதுவாக இழுத்து, கிடைக்கும் முதல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சில்லுக்குக் கல் வையுங்கள். பிரேக் ஆறும்வரை காத்திருங்கள். சூடான டிஸ்க் மீது தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறிய பின் மிதி சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும், சுமையை இறக்கிவிட்டுக் கராஜுக்கே போக வேண்டும்.

சாரதியின் காலும் கையும்

எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய பாடம். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். அந்த இடைவெளியில் பிரேக் ஆறும்.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி வருவோர் இருக்கிறார்கள். எஞ்சினை நிறுத்துவோரும் உண்டு. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசை தீர்ந்துவிடும், பல வாகனங்களில் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். அப்படி மிச்சம் பிடித்த பணத்தை எந்தக் குடும்பமும் உண்டு மகிழ முடியாது.

யார் பேச வேண்டும்?

கூட்டு வாகனத்தில் ஒரு சிக்கல் உண்டு. சாரதி குறையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறார். குழு, அடுத்த அறுவடைக்குப் பார்ப்போம் என்கிறது. பின்னால் மூட்டைகளின் மேல் இருக்கும் பெண்கள் நடுக்கத்தை உணர்ந்தும் பேசுவதில்லை. ஒருமுறை வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்களுக்குப் பணத்தின் அருமை தெரியும். ஆனால் உழைக்கும் மனிதரை இழந்த குடும்பம் மறுபடியும் எழுவது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும்.

நல்ல சமாரியன் உவமையில் வரும் எருசலேம் – எரிகோ பாதையும் ஓர் இறக்கப் பாதையே. வழியில் விழுந்தவனைத் தூக்கியவரை நாம் போற்றுகிறோம். விழாமல் காப்பதும் அதே அன்பின் இன்னொரு செயலே. ஒவ்வொரு நடைக்கும் ஒரு சிறு தொகையைப் பிரேக்குக்கென ஒதுக்கி வைப்போம். "வண்டி நடுங்குகிறது" என்று யார் சொன்னாலும், சிறு பிள்ளையே சொன்னாலும், அன்றே பார்ப்போம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது வாகனத்தின் பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? குறித்து வைத்திருக்கிறோமா?

2. சாரதி குறையொன்றைச் சொல்லும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்?

3. வாகனம் கராஜில் நிற்கும் நாட்களில் மரக்கறியைக் கொண்டு செல்ல, அயல் குழுவுடன் என்ன ஒழுங்கு செய்யலாம்?