டிபி பெட்டியில் எர்த் வயர் சேர்க்கும்போது

இஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டங்களில் பழைய வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருக்கிறீர்களா? புதிய பிளக் பாயிண்டின் பச்சை-மஞ்சள் எர்த் வயர் டிபி பெட்டி (மின்விநியோகப் பெட்டி) வரை வந்திருக்கிறதா என்று வயர்மேனிடம் கேளுங்கள்.

மலேசியாவில் வீட்டு எர்த், வாசலோரம் மண்ணில் அடித்த செம்புக் கம்பியையே நம்பியிருக்கிறது. அதன் மின்தடை 10 ஓம் என்றால், 230 வோல்ட்டில் கசிவு 23 ஆம்பியரைத் தாண்டாது. அதிக மின்னோட்டத்தில் அணையும் 32 ஆம்பியர் எம்சிபி அசையவே அசையாது. அங்கே உயிரைக் காப்பது, கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபிதான்: பொதுவாக வீடு முழுமைக்கும் 100 மில்லி ஆம்பியர், பிளக் பாயிண்டுக்கு 30, வாட்டர் ஹீட்டருக்கு 10. அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால் எர்த் வயர் அறுந்திருந்தாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். எர்த்தைக் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும்.

எர்த் பாரில் ஒரு திருகுக்கு ஒரு வயர். இடமில்லை என்றால் பெரிய பார் போடச் சொல்லுங்கள். நியூட்ரல் பாரில் எர்த்தைச் சேர்க்கவே கூடாது. தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் வேண்டாம், பிவிசி குழாய் மின்சாரத்தைக் கடத்தாது. கடலோரக் காற்றில் செம்புக் கம்பியின் கிளாம்ப் அரித்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும். அதனால் டிபி பெட்டியின் மூடியை நீங்களே கழற்றாதீர்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை அழையுங்கள். வேலை முடிந்ததும் எர்த் எத்தனை ஓம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.