மழை முன்னறிவிப்பை மதிப்பிடுவது எப்படி?

பண்டமாரானில் காலையில் வெயில் காய்வதும் மாலையில் இடியுடன் கனமழை கொட்டுவதும் புதிதன்று. கடல் பெருக்கு நேரத்தில் மழை வலுத்தால், கால்வாய் நீர் எளிதில் வடியாது. எனவே, ‘இன்று கனமழை பெய்யும்’ என்னும் முன்னறிவிப்பைக் கிள்ளான் வட்டார மக்கள் கருத்தூன்றிக் கேட்கின்றனர். 2021 டிசம்பர் 18ஆம் நாள், கோலாலம்பூரில் ஒரு மாதச் சராசரியையும் விஞ்சிய மழை ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலாம் ஸ்ரீ மூடா குடியிருப்பும் கிள்ளானின் பல பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய மழையை முன்கூட்டியே அறிவது உயிர் காக்கும் செயலாகும்.

இன்றைய முன்னறிவிப்புகளுக்கு எண்முறை வானிலை மாதிரிகள் அடிப்படையாக உள்ளன. இம்மாதிரிகள் வளிமண்டலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கின்றன. பிறகு, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் ஆகியவை எவ்வாறு மாறும் என்பதைக் கணினி இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிடுகிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையும் இத்தகைய மாதிரிகளைப் பயன்படுத்துகிறது.

அவ்வாறு கிடைக்கும் முன்னறிவிப்பு எந்த அளவு சரியானது? ‘நூற்றுக்கு எத்தனை முறை பலித்தது’ என்று எண்ணினால் போதும் எனத் தோன்றலாம். அஃது ஏமாற்றக்கூடியது என்பதை ஒரு பழைய நிகழ்வு காட்டுகிறது. 1884இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபின்லி என்பவர் டொர்னேடோ எனும் கடுஞ்சுழல்காற்றைப் பற்றி 2,803 முன்னறிவிப்புகள் செய்தார். அவற்றுள் 2,708 சரியாக இருந்தன, அதாவது 96.6 விழுக்காடு. ஆனால், எல்லா முறையும் ‘சுழல்காற்று வீசாது’ என்றே சொல்லியிருந்தால் 98.2 விழுக்காடு சரியாக இருந்திருக்கும் என்று கில்பர்ட் என்னும் அறிஞர் சுட்டிக்காட்டினார். அரிதாக நிகழும் ஒன்றை ‘நிகழாது’ என்று கூறுவது எளிது. அதனால் எவருக்கும் பயனில்லை.

ஆகவே, ஆய்வாளர்கள் இரு பிழைகளைத் தனித்தனியே எண்ணுகின்றனர். எச்சரிக்கை இல்லாமலே பேரிடர் நிகழ்வது ‘தவறவிட்ட நிகழ்வு’; எச்சரித்தும் நிகழாதது ‘பொய் எச்சரிக்கை’. ஃபின்லியின் கணக்கில் சுழல்காற்று வீசிய 51 முறைகளுள் 28 மட்டுமே முன்னறியப்பட்டன, 23 தவறவிடப்பட்டன. அவர் விடுத்த 100 எச்சரிக்கைகளுள் 72 பொய்த்தன. மழை முன்னறிவிப்பும் இவ்வாறே மதிப்பிடப்படுகிறது.

மழைக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. இடிமழை சில கிலோமீட்டர் பரப்பில் மட்டும் பெய்யக்கூடும். பண்டமாரானுக்குச் சொல்லப்பட்ட மழை ஷா ஆலாமில் பெய்தால், பண்டமாரானில் அது பொய் எச்சரிக்கை. ஷா ஆலாமில் தவறவிட்ட நிகழ்வு. ஒரே பிழை இரண்டாகக் கணக்கிடப்படுகிறது. இதனால், சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து ஒப்பிடும் முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன.

இவ்விரு பிழைகளின் விளைவும் ஒன்றன்று. பொய் எச்சரிக்கையால் ஒரு மாலைப் பொழுது வீணாகலாம். தவறவிட்ட கனமழையால் உயிரே போகலாம். அதற்காக நாள்தோறும் எச்சரித்தால், மக்கள் அதனைப் பொருட்படுத்த மாட்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பதே வானிலையாளரின் கடமை. ஒரு மழைமானியும் குறிப்பேடும் இருந்தால், மாணவர்களும் தத்தம் பள்ளியில் முன்னறிவிப்பையும் பெய்த மழையையும் நாள்தோறும் ஒப்பிட்டு இவ்வுண்மையை அறியலாம்.