பில் கட்டியது யார்?

உணவக விமர்சனம் எழுத வருகிறவர்கள் முதலில் நாக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எந்த மசாலா, எந்த அரிசி, எந்த எண்ணெய் என்று கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் இந்த வேலை நமக்கு வருமா என்ற பயம். நாக்கு நாளடைவில் பழகிவிடும். யாருக்காகச் சாப்பிடுகிறோம் என்ற நினைப்புதான் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. நாளைக்கு அதே மேசையில் உட்கார்ந்து தன் காசைக் கொடுத்துச் சாப்பிடப் போகிற ஒருவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பத்திரிகைக்கு எழுதுகிற வேலையில் நான் வந்து சேர்ந்த முடிவு இது ஒன்றுதான். மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

அந்த ஒருவர் யார் என்பதைச் சென்னையின் தென்புறநகரான பெரும்பாக்கத்தில் தெளிவாகப் பார்க்கலாம். இங்கே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் மட்டும் ஏறக்குறைய 20,000 வீடுகள் இருக்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அவற்றில் வாழ்கின்றன. பக்கத்தில் சோழிங்கநல்லூர் ஐ.டி. நிறுவனங்களுக்குப் போய்வரும் வாடகைக்காரர்கள். பெரிய மருத்துவமனையில் நோயாளியுடன் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்கள். மூவரும் ஒரே சாலையில்தான் சாப்பாடு தேடுகிறார்கள். இவர்களில் மோசமான சாப்பாட்டைத் தாங்கிக்கொள்ள முடிகிறவர் ஐ.டி. ஊழியர் மட்டுமே, அவர் செல்போனை எடுத்து வேறொன்றை வரவழைத்துக்கொள்வார். தினக்கூலியில் ஒரு பங்கைக் கொடுத்துப் பிள்ளைகளுக்குக் குஸ்கா பார்சல் வாங்குகிறவருக்கு அன்றைய இரவு அவ்வளவுதான். அதனால், விலை குறைந்த கடைக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்பவர்களிடம், அங்கேதான் அது அதிகம் தேவை என்று சொல்வேன். பிரியாணியை மட்டும் ருசி பார்த்துவிட்டு எழுதாதீர்கள். குஸ்காவை வாங்குங்கள். கறியின் சாறு சோற்றில் இறங்கியிருக்கிறதா, அல்லது கலர்பொடி போட்ட வெறும் சோறா என்பது அதில் தெரிந்துவிடும்.

பில்லைக் கட்டுவது இதன் அடுத்த படி. நியூயார்க் டைம்ஸில் 1957இல் உணவுப் பகுதியின் ஆசிரியரான கிரெய்க் கிளெய்போர்ன் ஒரு முறையை நிலைநிறுத்தினார். பெயர் சொல்லாமல் போக வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை போக வேண்டும், செலவைப் பத்திரிகை ஏற்க வேண்டும். நம் ஊரில் இது நடக்காது, பத்திரிகைகளிடம் அவ்வளவு பணம் இல்லை என்பார்கள். பெரும்பாக்கத்து மெஸ் ஒன்றில் நான்கு முறை சாப்பிடும் செலவு, நட்சத்திர ஓட்டலின் ஒருவேளை பில்லைவிடக் குறைவுதான். அதற்கும் வழியில்லையென்றால் வாரம் ஒன்று எழுதுவதை மாதம் ஒன்றாக்கலாம். கடைக்காரர் அழைத்துப் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு எழுதுவது விளம்பரப் பிரிவின் வேலை. சமூக ஊடகப் பிரபலங்கள்கூட இலவசமாகப் பெற்றதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ரீல்ஸ் போடுகிறவரிடம் எதிர்பார்க்கிற நேர்மையைவிடக் குறைவான ஒன்றோடு நாளிதழ் வாசகர் முன்னால் நிற்கக் கூடாது.

எத்தனை முறை என்பதைவிட எந்த நேரம் என்பது எனக்கு முக்கியம். மதியம் பன்னிரண்டரைக்கு எந்த மெஸ்ஸும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டே முக்காலுக்குப் போய்ப் பாருங்கள். சாம்பாரில் வெந்நீர் ஏறியிருக்கிறதா, பொரியல் தீர்ந்த இடத்தை இன்னொரு அப்பளம் நிரப்புகிறதா என்பது அப்போதுதான் தெரியும். இரவு பத்து மணிக்குத் தேங்காய்ச் சட்னியை முகர்ந்து பாருங்கள். வாணலியைக் கவனியுங்கள். பொரிக்கும் எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. அளந்து பார்க்கும் கருவி நம்மிடம் இல்லாவிட்டாலும், கறுத்த நிறமும் அடங்காத நுரையும் கண்ணுக்குத் தெரியும். குடிக்க வைத்திருப்பது கேன் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்று தென்புறநகரில் கேட்காமல் வரக் கூடாது. ஷிப்ட் முடிந்தும் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து இறங்கியும் வருகிறவர்கள் சாப்பிடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி ஈட்டைத்தான்.

செல்போனிலேயே நட்சத்திரங்கள் இருக்கும்போது பத்திரிகை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆயிரம் பேர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கும்தான். ஆனால் அந்த ஆயிரம் பேரில் யார் சாப்பிட்டார், யார் காசு வாங்கினார் என்பது தெரிவதில்லை. போலி மதிப்புரைகளைக் கட்டுப்படுத்த 2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைப்பின் தரநிலை ஒன்றையே அரசு கொண்டுவர வேண்டியிருந்தது. பத்திரிகை விமர்சகருக்குப் பெயர் இருக்கிறது, மேலே ஓர் ஆசிரியர் இருக்கிறார், தவறினால் திருத்தம் போட ஓர் இடம் இருக்கிறது. அதோடு, மூன்று நட்சத்திரம் என்பது எதையும் விளக்குவதில்லை. மாவு புளிக்காததால் இட்லி கெட்டியா, அல்லது உளுந்தைக் குறைத்ததால் கெட்டியா என்பதை யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

எனக்கு உண்மையாகவே கடினமான ஆட்சேபம் வேறு. தண்டலுக்குக் கடன் வாங்கித் தள்ளுவண்டி போட்ட ஒரு பெண்ணின் பிழைப்பை நான்கு வரியில் கெடுத்துவிடலாமா? கூடாது. அவருடைய வண்டியைப் பற்றி ஊருக்கு எச்சரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே தினம் சாப்பிடும் ஐம்பது பேருக்கு அதன் தரம் நம்மைவிட நன்றாகத் தெரியும். சாப்பாடு சுமாராக இருந்தால் எழுதாமல் விடுங்கள். உடம்புக்குக் கெடுதலான ஒன்றைக் கண்டால் அவரிடமே சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் சொல்லுங்கள். பக்கம் முழுக்க விளம்பரம் கொடுத்து ஊரையே அழைக்கிற கடைக்கு இந்தச் சலுகை கிடையாது. பாராட்டுவதிலும் அளவு வேண்டும். ஒரே மாஸ்டரை நம்பி நடக்கும் கடையை ஊரிலேயே சிறந்தது என்று எழுதினால், வரும் கூட்டத்தில் அந்தக் கை தளர்ந்து, பழைய வாடிக்கையாளருக்கு இடமில்லாமல் போகும். நன்றாக இருப்பதை உள்ளபடி எழுதினால் போதும். சின்னக் கடைகளைப் பற்றி எழுதுவது சின்ன வேலையும் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிகளின் சின்னச் சின்னக் கடைகளைத் தேடித் தேடி எழுதிய ஜொனாதன் கோல்டு, 2007இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். உணவக விமர்சகர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை.

தமிழ் நாளிதழ் ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான்: மாதம் ஒரு பக்கம், நான்கு சாப்பாட்டுக்கான காசு, விளம்பரப் பிரிவு தலையிடாது என்ற உறுதி. பெரும்பாக்கத்திலிருந்து தொடங்குங்கள்.