மோட்டார் ஷட்டர்: முதலில் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள்

கடை ஷட்டருக்கு மோட்டார் பொருத்துமுன் ஒரு சிறு கணக்கு.

ஷட்டரின் எடை 100 கிலோ, உருளையின் ஆரம் 10 சென்டிமீட்டர் எனில், அதைச் சுழற்ற 10 கிலோ-மீட்டர் முறுக்குவிசை வேண்டும். அதில் 8 பங்கை உருளைக்குள் உள்ள ஸ்பிரிங் தாங்கினால், மோட்டாருக்கு மிஞ்சுவது 2 தான்.

மோட்டாரின் வேகத்தைப் பல்சக்கரம் குறைக்கும். அதற்கேற்ப விசை கூடும். ஆனால், சரக்கு கைமாறும்போதெல்லாம் கமிஷன் போவதுபோல், ஒவ்வொரு பல்சக்கரத்திலும் உராய்வால் சிறிது விசை வீணாகும். ஆகவே அமைப்பு எளிதாக இருப்பதே நல்லது.

ஷட்டர் திணறினால் உடனே பெரிய மோட்டார் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். மெக்கானிக்கை அழைத்து, மோட்டார் இணைப்பை விடுவித்து, ஷட்டரைப் பாதி உயரத்தில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. முறுக்கேறிய ஸ்பிரிங்கை நாமே கழற்றுவது உயிருக்கு ஆபத்து. மின்தடைக்குக் கைச்சங்கிலியும் அவசியம்.