நீர், வெயில், சாணம்: சக்தித் தொழில்களும் கமக்காரர் பிள்ளைகளும்

தெமோதரையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலையும், பள்ளங்களில் நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணப்படுகின்றன. பிள்ளைகள் யாவருக்கும் பங்கிட நிலம் போதாத குடும்பங்களில், படித்த இளைஞர் வேலை தேடித் தூர நகரங்களுக்குச் செல்கின்றனர். ஓடையும் வெயிலும் சாணமும் சக்தி தரும் தொழில்களைப் பற்றி இவர்கள் அறிதல் நன்று. அத்தொழில்களுக்கு வேண்டிய அறிவில் ஒரு பகுதி கமக்காரர் குடும்பங்களில் ஏற்கெனவே உண்டு.

1. நீர்மின் வேலை

நீர் சிறிதாயினும் உயரத்திலிருந்து விழுமாயின் மின் பெறலாம். செக்கனுக்கு 20 லீற்றர் நீர் 30 மீற்றர் விழுந்தால், அதன் வலு ஏறக்குறைய 5,900 வாற்று ஆகும். குழாயிலும் சுழலியிலும் ஏற்படும் இழப்புப் போக, ஏறக்குறைய 3 கிலோவாற்று கிடைக்கும். கோடையில் அளந்த நீரையே கணக்கிற் கொள்ளல் வேண்டும். முற்காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகள் பல நீர்ச்சுழலிகளால் இயங்கின. 1990களிலிருந்து கிராமங்களிலும் சிறு நீர்மின் நிலையங்கள் அமைக்கப்பட்டன. வாய்க்கால் கட்டுதல், குழாய் பொருத்துதல், சுழலியைப் பராமரித்தல், நீரை அளத்தல் ஆகியன இதிலுள்ள வேலைகளாம். வரப்பிற் கசிவு காணப் பழகியவருக்கு வாய்க்காற் காவல் புதிதன்று.

2. சூரிய மின் வேலை

2016 ஆம் ஆண்டில் அரசாங்கம் தொடங்கிய திட்டத்தின் பின், கூரைகளிற் சூரியத் தகடு பொருத்துவோருக்கு வேலை பெருகியது. நிழல் விழாத இடந் தெரிதல், தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்தல், கம்பி இணைத்தல் ஆகியவற்றை முறையாகக் கற்றல் வேண்டும். பயிற்சியின்றிக் கூரையேறுதல் உயிருக்கு ஆபத்தாகும்.

3. சாண எரிவாயு

சாணத்தையும் நீரையும் சம அளவிற் கலந்து காற்றுப் புகாத தொட்டியிலிட்டால், சமையலுக்கு வாயு கிடைக்கும். எஞ்சிய கூழ் மரக்கறிப் பாத்திகளுக்கு நல்ல பசளையாம். கசியாத தொட்டி கட்ட வல்ல மேசன்மார் இதற்கு இன்றியமையாதவர்.

4. பயிற்சி

தேசிய தொழிற்றகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. 3 ஆம், 4 ஆம் மட்டங்கள் கைவினைஞருக்குரியன. 5 ஆம், 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமாவுக்குரியன. 7 ஆவது பட்டத்துக்குச் சமமாம். பதுளையிலே தொழினுட்பக் கல்லூரியும், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் உண்டு. தனியார் வகுப்புக்குப் பணங் கட்டுமுன், அது மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவானதா என விசாரித்தல் வேண்டும்.

5. கவனிக்க வேண்டியது

மின்னுக்காக எடுக்கும் நீர் வயலையும் கிணற்றையும் வறளச் செய்தல் ஆகாது. 120 மெகாவாற்று வலுவுள்ள உமா ஓயாத் திட்டம் 2024 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் சுரங்கம் தோண்டப்படுகையில், 2014 டிசம்பரில் நிலநீர் உட்பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீடுகளும் வெடித்தன. ஆகவே கிணற்று நீர்மட்டத்தை அளந்து பதிவு செய்வோரும், மண்ணின் தன்மை அறிந்தோரும் இத்தொழிலுக்கு மின்வினைஞரைப் போலவே தேவைப்படுகின்றனர். சிறு ஓடையிலும், வயலுக்கு நீர் விடும் முறையைக் கமக்காரர் யாவரும் கூடி முன்னரே தீர்மானித்தல் வேண்டும்.

நிலத்தை விட்டகலாது பிழைக்க விரும்பும் இளைஞருக்கு இத்தொழில்கள் ஏற்றவை. நீரும் வயலும் பற்றிய ஐயங்களுக்கு விவசாயப் போதனாசிரியரைக் கலந்தாலோசிக்க.