ஆங்கில மரபுத்தொடர்களின் பொருளை அறியும் முறை

சொற்கள் யாவும் தெரிந்தவையாகவே இருந்தும் வாக்கியத்தின் அர்த்தம் மாத்திரம் பிடிபடாத சந்தர்ப்பம் ஆங்கிலம் பயில்வோர் எல்லோருக்கும் நேர்வதுண்டு. அத்தகைய இடத்தில் பெரும்பாலும் ஒரு மரபுத்தொடர் இருக்கிறதென்று கொள்ளலாம். உடனே அகராதியைத் திறவாமல், முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களை நிதானமாக மறுபடி படித்து, எழுதியவர் மகிழ்கிறாரா, கடிந்துகொள்கிறாரா, எச்சரிக்கிறாரா என்பதை நிச்சயித்து, உத்தேசமான ஒரு பொருளை முதலில் தாமே குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிரயாசை இல்லாமல் பெற்ற அர்த்தம் மறுநாளே மறந்துபோகும்.

பின்னர் அகராதியை நாடலாம். 'கிவ் எ வைட் பெர்த்' என்பதை, 'கிவ்' என்னும் வினைக்குரிய நெடிய பத்திகளில் தேடி அலைவதினும், 'பெர்த்' என்னும் பெயர்ச்சொல்லின் கீழ்ப் பார்ப்பது எளிது. ஒருவரை நெருங்காது விலகிப்போதல் என்று அங்கே கண்டிருக்கும்.

பொருளை மனத்தில் நிலைநிறுத்துவதற்கு, தொடர் பிறந்த களத்தை விசாரிப்பதைப் போன்ற உபாயம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலேயர் நெடுங்காலம் கடலோடியவர்களாதலின் அவர்களுடைய பேச்சில் கப்பல் வழக்குகள் மிகுதி. காற்று திடீரென்று எதிர்முகமாக வீசிப் பாய்களைப் பாய்மரத்தின்மேல் அழுத்திவிட, கப்பல் மேற்செல்லாது தடைப்படுவதை மாலுமிகள் 'டேக்கன் அபேக்' என்றார்கள். எதிர்பாராத சொல்லைக் கேட்டுத் திகைத்து நிற்பவனுக்கு இன்று அது வழங்குகிறது. 1611-ஆம் ஆண்டில் வெளியான ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலிய மொழிபெயர்ப்பும் இவ்வகையில் ஒரு பெருஞ்சுரங்கம். தானியேல் ஆகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பெல்ஷாத்சார் அரசனது விருந்தின் நடுவே ஒரு கை தோன்றிச் சுவரில் எழுத, அது அவனுடைய ராஜ்யத்தின் முடிவைக் குறிப்பதாகத் தானியேல் விளக்கிய வரலாற்றை அறிந்தவர்க்கு, 'தி ரைட்டிங் ஆன் தி வால்' என்பது வரவிருக்கும் அழிவின் அறிகுறி என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. அவ்வாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன் தலையும் இரும்பும் களிமண்ணும் கலந்த பாதங்களும் உடைய சிலையொன்று கனவில் தோன்றுகிறது. பெருமக்களிடத்து மறைந்துள்ள பலவீனத்தை 'ஃபீட் ஆஃப் க்ளே' என்பது அதனால்தான். மழையில் நனைந்து வெயிலில் உலரும் ஆடுகளத்தில் பந்து தாறுமாறாக எழும்புவதனின்று, சங்கடமான நிலைமைக்கு 'ஸ்டிக்கி விக்கெட்' என்ற கிரிக்கெட் வழக்கு வந்தது.

ஆயினும் கர்ணபரம்பரைக் கதைகளை நம்பிவிடலாகாது. பெருமழையைக் குறிக்கும் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்னும் தொடருக்கு, கூரை வேய்ந்த வீடுகளினின்று பிராணிகள் வழுக்கி விழுந்த கதையைச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. பொருளை மட்டும் கொண்டு கதையைத் தள்ளிவிடுக.

இனி, பொருள் தெரிந்ததனாலேயே பிரயோகம் கைவந்துவிடாது. 'கிக் தி பக்கெட்' என்பது இறத்தலைக் குறிக்கும். 'பக்கெட்' இருந்த ஸ்தானத்தில் 'பெயில்' என்று வைத்தாலும், வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக்கினாலும், வாளியை உதைத்த செய்தியே எஞ்சும். அன்றியும் அது மரியாதையற்ற வழக்கு. இரங்கற் கடிதத்தில் எழுதினால் பெருந்துயரில் இருப்பவரைப் புண்படுத்தும். ஆகையால் குறிப்பேட்டில் தொடரையும் அர்த்தத்தையும் எழுதுவதோடு அமையாது, அது வந்த முழு வாக்கியத்தையும், யார் யாரிடம் எந்தச் சமயத்தில் கூறியது என்பதையும் சேர்த்து எழுதுக. நல்ல ஆசிரியர் மூவரிடத்தேனும் அத்தொடரைக் கண்ட பின்னரே சொந்த எழுத்தில் அதனைக் கையாளத் தொடங்கலாம்.