டபுள் பெடலுக்கு முன்னால் ஒரு ஜோடிக் குச்சி

கேள்வி: மெட்டல் டிரம்ஸ் பழகும் என் மகன், “ரூடிமெண்ட் எல்லாம் பேண்டு வாத்தியக்காரர்களுக்குத்தான்” என்கிறான். சரியா?
– வாசகி, சிம்பாங் ரெங்கம்

பதில்: பாதி சரி. ரூடிமெண்ட்கள், அதாவது டிரம்ஸின் அடிப்படை அடி வரிசைகள், ராணுவ அணிவகுப்பில் வளர்ந்தவைதான். ஆனால் மெட்டலின் அதிவேகத் தாளமான பிளாஸ்ட் பீட்டைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் வலது, இடது என மாறிமாறி விழும் சிங்கிள் ஸ்ட்ரோக். அதுவும் ஒரு ரூடிமெண்ட்தான்.

நிமிடத்துக்கு 200 பீட், பீட்டுக்கு நான்கு அடி என்றால் மொத்தம் 800. ஒரு கைக்கு 400. தோள்பலத்தை நம்புகிறவருக்கு ஒரு பாட்டு முடிவதற்குள் முழங்கை இறுகிவிடும். குச்சி தானாகத் துள்ளி எழட்டும். விரல்கள் அதைத் திருப்பி அனுப்பினால் போதும்.

பாஸ்டன்காரர் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 1935இல் வெளியிட்ட ‘ஸ்டிக் கன்ட்ரோல்’ இன்றும் டிரம்மர்களின் பாடப்புத்தகம். பார்க்கச் சலிப்பூட்டும் நூல்தான். முதல் பக்கத்திலேயே பாரடிடில் என்ற ரூடிமெண்ட் வந்துவிடும்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இதை டாம்களில் பரப்பினால் மெட்டல் ஃபில் தயார்.

தமிழ் இளைஞர்களுக்கு மெட்டல் அந்நியமுமல்ல. ஜொகூர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ‘ருத்ரா’ குழு வேதாந்தத்தையே டெத் மெட்டலாக்கியது.

மகன் மெட்ரோனோமை 60இல் வைத்து, பலவீனமான கையிலிருந்து தொடங்கட்டும். இரு கை ஒலியும் ஒன்றுபோல் கேட்ட பிறகே வேகத்தைக் கூட்டலாம். ரப்பர் பேட் போதும். தாமான் வரிசை வீட்டில் பக்கத்து வீட்டாரும் கதவைத் தட்டமாட்டார்கள்.